தொட்டால்தான் நம்புவார்

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா அக்காவைச் சரியாகப் பார்க்கவில்லை. உட்காரச் சொன்ன கட்டிலைத்தான் பார்த்தார். பார்த்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. பலகாரத் தட்டு வருவதற்குள் கட்டில் சட்டத்துக்கு அடியில் கையை விட்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவிக்கொண்டே போனார். பிறகு எங்கள் அப்பாவிடம், "வேம்புங்களா?" என்று கேட்டார். தேக்கு என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த கட்டில் அது. அப்பா செருமிக்கொண்டு தண்ணீர் கேட்டார். உள்ளே வந்த அக்கா என் காதில், "எனக்கு வேணாம்டி. அந்தக் கட்டில வேணா கட்டிக் குடுங்க" என்றாள். கடைசியில் இரண்டையும்தான் கட்டிக் கொடுத்தோம். சீர்வரிசையோடு கட்டிலும் அரியலூருக்குப் போனது.

மாமாவைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். தொட்டால்தான் அவருக்கு ஒரு பொருள் பொருளாகும். கண் சொல்வதையும் நம்பமாட்டார், அடுத்தவர் வாய் சொல்வதையும் நம்பமாட்டார். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் அதன் அடிப்பக்கத்தை ஒருமுறை தடவிவிட்டுத்தான் தண்ணீர் தெளிப்பார். பஸ்ஸில் ஏறினால் சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுவார். "தொட்டுப் பாக்க பூசாரி உடமாட்டாருல்ல, அதான் உங்க மாமா வர்றதில்ல" என்பாள் அக்கா.

நான் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிறேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், உட்கார ஸ்டூல் கிடையாது. தீபாவளிக்குப் புடவை எடுக்க மாமா என் கடைக்குத்தான் வருவார். வந்தால் எனக்கு மானம் போகும். அடுக்கியிருக்கிற புடவை ஒன்றுவிடாமல் முந்தானையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். மற்ற வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்ப்பார்கள். மேனேஜர் என்னை முறைப்பார். நிறத்தைப் பற்றி மாமாவுக்குக் கவலையே கிடையாது. அதனால் அக்கா முப்பது வருடமாகக் கத்தரிப்பூவில் பச்சைக் கரை, மஞ்சளில் பழுப்புக் கட்டம் என்று ஊரில் யாரும் உடுத்தாத புடவைகளாகவே உடுத்தினாள். ஆனால் ஒன்று, ஒரு புடவைகூடச் சாயம் போகவில்லை, இழை விலகவில்லை. அக்கா போன பிறகு அவற்றில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். இன்னும் கட்டுகிறேன்.

மாமா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜீப் ஓட்டினார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. சர்வேயர்களையும் வெடி வைக்கிறவர்களையும் குழிக்குள் இறக்கி ஏற்றுவது அவர் வேலை. ஐப்பசி பிறந்தால் அந்தப் பாதை கரிசலும் சுண்ணாம்புமாகக் குழைந்து கிடக்கும். சாதாரண டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். மழைக்கு முன்னால் பெரிய கட்டை வைத்த சேற்று டயராக மாற்றியாக வேண்டும். புதிதாக வாங்கித்தர ஜீப்பின் முதலாளிக்கு மனசு வராது. அதனால் வருடா வருடம் மாமா பெரம்பலூர் பைபாஸ் ஓரத்துப் பழைய டயர் கடைக்கு வருவார். கடைக்காரர் லப்பைக்குடிகாட்டுக்காரர். எங்களுக்கெல்லாம் அவர் பாய்.

அங்கே மாமா டயர் எடுப்பதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அக்கா கொடுத்தனுப்பிய முருங்கைக்காயை வாங்கிக்கொள்ளப் போயிருந்தேன். டயரை நிமிர்த்தி வைத்து, சட்டையைச் சுருட்டிக்கொண்டு, உள்பக்கம் முழங்கைவரை விட்டுச் சுற்றிலும் விரலை நடத்திக்கொண்டு போனார். எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எங்கே உள்ளே கம்பி விட்டிருக்கிறது என்று விரல் சொல்லுமாம். பிறகு வெளிப்பக்க ரப்பரில் நகத்தை அழுத்தினார். பழைய டயரில் மேலே துருத்தி நிற்கிற ரப்பர் கட்டை, அவர்கள் பேச்சில் பட்டன், தேயாமலே இருக்கும், பார்க்கப் புதிதாகத் தெரியும், ஆனால் உள்ளே இறுகிப்போயிருக்கும், ஈரத்தில் பிடிக்காது என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "மாமா, அக்காவ இப்படியெல்லாம் பாத்துத்தான் எடுத்தீங்களா?" என்று கேட்டேன். பாய் சிரித்து முடிக்க நேரமாயிற்று. மாமா கையைத் துடைத்துக்கொண்டே, "ஒங்கக்காவ பாக்காமத்தான் எடுத்தேன், அதான் மாட்டிக்கிட்டேன்" என்றார்.

அவர்கள் வீட்டில் தெர்மாமீட்டர் கிடையாது. இதை நான் சொல்லியே ஆகவேண்டும். என் அக்கா மகன் இளங்கோவுக்குச் சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல் வரும். மாமா அவன் நெற்றியில் கையை வைத்து, கழுத்தில் வைத்து, "நூத்தி ஒண்ணு இருக்கும்" என்பார். டாக்டரிடம் போனால் அங்கேயும் அதுதான் வரும். சில தடவை அப்படி ஆனதும் வீட்டிலிருந்த தெர்மாமீட்டரை அக்கா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "எங்கூட்டு மனுசன் கையவிடவா அது சரியா சொல்லப் போவுது" என்று பெருமை வேறு. தெருவில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் மாமாவிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஜீப்பிலிருந்து இறங்கி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டுச் சொல்வார். அவர் காய்ச்சல் இல்லை என்றால் இல்லைதான்.

அக்கா மழைக்காலத்தில் செத்துப்போனாள். உடம்பெல்லாம் வலிக்கிறது, குளிருகிறது என்று படுத்தாள். நான் போன் செய்தபோது, "ஒண்ணுமில்லடி, அசதிதான். ஒங்க மாமா தொட்டுப் பாத்துட்டாரு, காச்சல் இல்லியாம்" என்றாள். அடுத்த நாளும் அதையேதான் சொன்னாள். குரல் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. அதற்கடுத்த நாள் குளியலறையில் விழுந்துவிட்டாள். அரியலூரில் பார்த்துவிட்டுத் திருச்சிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். டெங்கு. ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிப்போயிருந்தது. திருச்சி டாக்டர், "எத்தனை நாளா ஃபீவர்?" என்று கேட்டார். மாமா, "காச்சலே இல்லைங்க" என்றார். டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் விடிகிறபோது அக்கா போய்விட்டாள்.

கனடாவிலிருந்து இளங்கோ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கருமாதி வரை இருந்தான். அவன் மனைவி அங்கே முழுகாமல் இருந்தாள், அதனால் உடனே திரும்ப வேண்டியதாயிற்று. கிளம்பும்போது, "சித்தி, அப்பாவ ஒங்ககூட வெச்சுக்கங்க" என்றான். மாமாவைப் பெரம்பலூருக்குக் கூட்டி வந்தேன். எங்கள் காம்பவுண்டிலேயே ஓர் அறை காலியாக இருந்தது. ஜீப் வேலையை அவர் விட்டுவிட்டார். பொழுது போகாமல் பாய் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். பாய்க்கும் அது வசதி. பழைய டயர் லோடு வந்தால், "அண்ணே, நீங்க தொட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் கண்ண மூடிட்டு எடுத்துப்பேன்" என்பார். பெரம்பலூரிலும் மாமாவின் கைக்குப் பேர் வந்தது.

எனக்கு முதலில் சந்தேகம் தட்டியது சாப்பாட்டில். அடுப்பிலிருந்து இறக்கிய ரசப் பாத்திரத்தை நான் துணி தேடிக்கொண்டிருந்தபோது மாமா வெறும் கையால் தூக்கி வந்து வைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. மறுநாள் விரலில் கொப்புளம் இருந்தது. "என்ன மாமா இது?" என்றேன். "டயர் வேலைல பழகிப்போன கை, அதுக்கென்ன" என்றார். இன்னொரு நாள் டயர்க் கம்பி கிழித்துக் கட்டைவிரலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, அவர் பாட்டுக்கு டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரெல்லாம் சிவப்பு. பாய் சொன்ன பிறகுதான் பார்த்தார். டயரைச் சோதிக்கும்போது கன்னத்தை ரப்பரில் வைத்துப் பார்க்கிறார் என்றும் பாய் சொன்னார். "புது டெக்னிக்காம்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரரின் அம்மாவுக்குச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் தெருவில் நடந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடித் தள்ளுபடியில் மாமா கடைக்கு வந்தார். இளங்கோவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பேத்திக்கு ஒரு கவுன் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார். நான் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மாமா அடுக்கைத் தொடவில்லை. "நல்ல பருத்தியா நீயே எடு புள்ள" என்றார். அத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குள் ஏதோ ஒரு பிசாசு புகுந்துகொண்டது. சுத்தமான பாலியெஸ்டர் கவுன் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்து, "இது பருத்தி மாமா, எப்படி இருக்கு பாருங்க" என்றேன். வழக்கம்போலவே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல பருத்தி" என்றார்.

பில் போடுவதற்கு முன்னால் அதை வைத்துவிட்டு உண்மையான பருத்திக் கவுன் ஒன்றைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு துணி மடிக்கிற மேசைக்கு எதிரே இருந்த கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். அக்கா படுத்திருந்தபோதே அந்தக் கை இப்படித்தான் இருந்ததா? அப்போதே அவருக்குத் தெரியுமா? இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சோறு போடும்போது நினைத்தேன், மாத்திரையை எடுத்துக் கையில் வைக்கும்போது நினைத்தேன். கேட்கவில்லை. கோபம் இருந்தது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் உள்ளே ஒன்றுமே இல்லை. இளங்கோவிடமும் சொல்லவில்லை. தாயையும் இழந்து தகப்பனையும் இழக்க அவன் என்ன பாவம் செய்தான் என்று விட்டுவிட்டேன்.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம். எனக்கு வாரவிடுப்பு. மாமாவைச் சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று பாய் கடைக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கடைத் தகரத்தின் கீழே டயர்களுக்கு நடுவில் நின்றோம். பாய் டீ சொன்னார். அப்போது மாமாவின் போனில் வீடியோ கால் வந்தது. இளங்கோ. இங்கே விளக்கு வைக்கிற நேரம், அங்கே அவனுக்குக் காலை.

திரையெல்லாம் வெள்ளை. பனி. இளங்கோ வேறு யாருடைய வீட்டு முற்றத்திலோ நின்றுகொண்டிருந்தான். காதுவரை குல்லாய். பக்கத்தில் நாலு டயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக.

"அப்பா, கார் வாங்குனேன்னு சொன்னேன்ல, ஃபோர் வீல், பழசு. அதுக்கு விண்டர் டயர் போடணும். இங்க பனியில சாதாரண டயரு வழுக்கிட்டு போயிடும். புதுசு கைக்கு எட்டாது. இவரு வண்டிய வித்துட்டாராம், டயர மட்டும் குடுக்கிறாரு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மாமாவின் முகம் மலர்ந்தது. அக்கா போன பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. போனைப் பாயிடம் கொடுத்து உயரமாகப் பிடிக்கச் சொன்னார். டயரை உருட்டிக் காட்டு என்றார், பட்டனைக் கிட்டத்தில் காட்டு என்றார், பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா பார் என்றார். இளங்கோ ஒவ்வொன்றாகக் காட்டினான். பட்டன் ஆழமாக, கருகருவென்று இருந்தது. டயரில் அச்சடித்திருந்த வருடத்தைப் பார்த்து, செய்து அஞ்சு வருடம் ஆகிறது என்றான்.

"மாஷா அல்லாஹ், நல்லா இருக்கே" என்றார் பாய்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கு. அஞ்சு வருசம்ங்கறான், வெயில்ல போட்டு வெச்சிருந்தா எறுகியிருக்கும். அதத் தொட்டாத்தான் தெரியும்" என்றார் மாமா. "தம்பி, கைய வெச்சு அமுத்துடா. நகம் உள்ள போவுதா?"

இளங்கோ கையுறையைக் கழற்றினான். விரல் சிவந்து கிடந்தது. அழுத்தினான், தேய்த்தான். "போற மாதிரியும் இருக்கு, போவாத மாதிரியும் இருக்குப்பா."

"மெத்துன்னு இருக்கா, கொம்பு மாதிரி இருக்கா? சொல்லு."

"எப்படிப்பா சொல்றது? வெரலே இருக்கிறது தெரியல. ஒரேயடியா மரத்துப்போச்சு." சிரித்தான். கையை வாயருகே வைத்து ஊதினான். "ஒண்ணு பண்ணுங்க. அங்க பாய் கடையில நல்ல டயர் ஒண்ணு, எறுகுன டயர் ஒண்ணு தொட்டுப் பாருங்க. ரெண்டும் எப்படி எப்படி இருக்குன்னு சொல்லுங்க. நான் உள்ள போயி கைய சூடு பண்ணிட்டு வந்து அதே மாதிரி தொட்டுப் பாக்கறேன். நீங்க சரின்னா வாங்கி இன்னைக்கே மாட்டிடுவேன்."

பாய்க்கு இது விளையாட்டாகப் பட்டது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு டயர்களை உருட்டி வந்து மாமா முன்னால் நிறுத்தினார். "எது நல்லதுன்னு நான் சொல்லமாட்டேன், கையே சொல்லட்டும்ணே" என்றார்.

மாமா முதல் டயரில் கட்டைவிரலை வைத்தார். நகத்தை அழுத்தினார். அடுத்ததிலும் அழுத்தினார். திரும்ப முதலாவதற்கு வந்தார். கன்னத்தை வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. வைக்கவில்லை, மகன் பார்த்துக்கொண்டிருந்தான். தகரத்தின்மேல் மழை இரைந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். இது மெத்தென்று இருக்கிறது, அது இறுகியிருக்கிறது என்று பழைய ஞாபகத்திலிருந்து சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறக்கவும் திறந்தார்.

"இது வந்து..." என்றார். நிறுத்தினார். "பாப்பாவும் இந்த வண்டியிலதான் வருவாளா?"

"ஆமாப்பா. ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதே இதுலதான். அதுக்குத்தான் காரே வாங்குனது."

மாமா டயரிலிருந்து கையை எடுத்தார். "வாங்காத" என்றார்.

"ஏம்பா? நல்லா இருக்குன்னுதான சொன்னீங்க?"

"நல்லா இருக்கா இல்லியான்னு எனக்குத் தெரியாதுடா."

"அதான் தொட்டுப் பாத்து..."

"தொட்டாலும் தெரியாது. எனக்கும் மரத்துப்போச்சு. குளிரு இல்ல, சக்கர. ரெண்டு கையும்." இளங்கோவைப் பார்த்துத்தான் சொன்னார். "என் பேச்சக் கேட்டு வாங்காத. கடன் வாங்கியாச்சும் புதுசா போடு."

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் கையில் இருந்த போனில் இளங்கோவின் முகம் அசையாமல் இருந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். பனி விழுந்துகொண்டிருந்தது, அதனால் போகவில்லை என்று தெரிந்தது.

"எப்பலேருந்து?" என்றான்.

மாமா இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"அப்பா, எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் ஆடி மாதத்தில் ஜவுளிக்கடைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"அம்மாவுக்குக் காச்சல் இல்லன்னு தொட்டுப் பாத்துத்தான சொன்னீங்க?"

"தொட்டுப் பாத்துத்தான் சொன்னேன்."

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சா? கை இப்படின்னு?"

"தெரிஞ்சிருந்துச்சு" என்றார் மாமா. "அவ என்னையே பாத்துட்டுப் படுத்திருந்தா. தெரியலன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா."

இளங்கோ கையுறையை மாட்டிக்கொண்டான். மாட்ட வரவில்லை, பல்லால் இழுத்து மாட்டினான். வீட்டுக்குள்ளிருந்து டயர் விற்கிற ஆள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். இவன் வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு திரை அணைந்தது. வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

தெரிஞ்சிருந்துச்சு என்ற அந்த வார்த்தைக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். அவர் வாயால் அது வந்தால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவேன், அக்காவின் பேரைச் சொல்லிக் கதறுவேன் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. ரெயின்கோட் இருக்கிறதா என்று பாயைக் கேட்டேன். மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு குச்சியால் அவர் விரல் நுனிகளைத் தொட்டு, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றுக்கும் மாமா, "தெரியலைங்க" என்றார். சத்தமாக, தெளிவாகச் சொன்னார்.

அதன்பிறகு பாய் லோடு வரும்போது மாமாவைக் கூப்பிடவில்லை. மாமாவும் போகவில்லை. அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இளங்கோவின் போன் என் நம்பருக்கு வர ஆரம்பித்தது. என் உடம்பைக் கேட்பான், பாப்பா குப்புற விழுந்ததைச் சொல்வான், போட்டோ அனுப்புவான். அவன் சத்தம் கேட்டால் மாமா எழுந்து வந்து சுவரோரமாக நிற்பார். போனைக் கேட்கமாட்டார். நானும் நீட்டவில்லை. யாருக்காக நீட்டாமல் இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்து வைத்ததும் மாமா அருகில் வந்தார்.

"டயரு போட்டுட்டானா?"

"போட்டுட்டான் மாமா. புதுசு. கடையில போயி மாட்டிட்டு வந்தானாம்."

"பனி கொட்டுதாமா?"

"முழங்கால் வரைக்கும் கெடக்காம். நேத்து பாப்பாவ ஊசிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தானாம். வண்டி கொஞ்சம்கூட வழுக்கலயாம்."

மாமா தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார். "என்னயப் பத்தி ஏதாச்சும் கேட்டானா புள்ள?"

கேட்டான் என்று சொல்லிவிட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த மனிதர் மழையில் டயர்க் கடையில் நின்று சொன்ன பிறகு, அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"கேக்கல மாமா" என்றேன்.

"சரி" என்றார். "வழுக்காம போயிட்டு வந்துட்டாங்கல்ல" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.